மடிக் குழந்தைக்கும் ஓர் இடம் வேண்டும்

ஒன்றரை வயதுக் குழந்தையோடு கொச்சியில் சுற்றுலாக் கப்பல் ஏறும் குடும்பம், அறையைப் பதிவு செய்யும்போதே குழந்தையின் பெயரையும் பிறந்த தேதியையும் எழுதிக் கொடுத்தாக வேண்டும். கப்பல் கரையைவிட்டு நகரும் முன் ஆட்களை எண்ணும்போது, அம்மாவின் தோளில் தூங்கிக்கொண்டிருக்கும் குழந்தையும் ஓர் ஆள். உயிர்காப்புப் படகில் அதற்கும் ஓர் இடம் ஒதுக்கியாக வேண்டும். அதே குழந்தை அதே பெற்றோரோடு திருவனந்தபுரம் தம்பானூர் நிலையத்தில் சென்னை மெயிலில் ஏறினால், ரயில்வேயின் படுக்கைக் கணக்கில் அது வருவதே இல்லை. ஐந்து வயதுக்குள் என்பதால் கட்டணம் இல்லை. கட்டணம் இல்லாததால் படுக்கை இல்லை. படுக்கை இல்லாததால், அதை மடியில் வைத்துக்கொண்டு வருகிறவருக்கு எந்தப் படுக்கை ஏற்றது என்ற கேள்வியும் எழுவதில்லை.

கைக்குழந்தையோடும் நடைபழகும் பிள்ளையோடும் இரவில் பயணம் செய்பவர்கள் எந்த அறையை, எந்தப் படுக்கையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதைப் பற்றி எழுத நினைக்கிறேன். பெற்றோர் முன்யோசனையால் சரிசெய்துகொள்ளக்கூடியவை இதில் நிறைய இருக்கின்றன, அவற்றைச் சொல்கிறேன். ஆனால் குழந்தையை ஒரு பயணியாக எண்ணும் ஏற்பாடு இல்லாத இடத்தில், பெற்றோரின் முன்யோசனை பாதி வழிதான் வரும். மீதி வழியை வண்டியையும் படகையும் நடத்துகிறவர்கள் வர வேண்டும்.

திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு இது ஆண்டுக்கு ஒருமுறை உல்லாசம் போகிறவர்களின் பிரச்சினை அல்ல. நகரம் நாட்டின் தென்கோடியில் இருக்கிறது. ரயிலில் சென்னைக்குப் போக ஏறக்குறைய 16, 17 மணி நேரம் ஆகும். டெல்லிக்குக் கேரளா எக்ஸ்பிரஸில் இரண்டு இரவுகள். கன்னியாகுமரியிலிருந்து இந்த ஊர் வழியாக அஸ்ஸாமின் திப்ருகருக்குப் போகும் விவேக் எக்ஸ்பிரஸில் மூன்று இரவுகள். 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் அந்த வண்டியில், இங்கே கட்டட வேலைக்கு வந்து ஊர் திரும்பும் குடும்பங்களின் குழந்தைகள் இருக்கிறார்கள். டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் பேரப்பிள்ளையைக் காட்ட மதுரைக்கும் கோவைக்கும் போகின்றன. ஸ்ரீசித்திரா திருநாள் மருத்துவ நிறுவனத்துக்கு இதயக் கோளாறுள்ள பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தமிழ்நாட்டிலிருந்து பெற்றோர் வருகிறார்கள். எஸ்.ஏ.டி. மருத்துவமனைக்கும் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கும் வருகிறவர்கள் தனி. இவர்களுடைய குழந்தைகளுக்கு இரவு எங்கே படுப்பது என்பது சொகுசு பற்றிய கேள்வி ஆகாது.

முதலில் கப்பலைச் சொல்லிவிடுகிறேன். முறையாகச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு அங்கேதான் முன்மாதிரி இருக்கிறது.

2021 செப்டம்பரில் மும்பையிலிருந்து கார்டீலியா நிறுவனம் 'எம்பிரஸ்' கப்பலை ஓட்டத் தொடங்கிய பிறகு, உள்நாட்டுச் சுற்றுலாக் கப்பல் என்பது நடுத்தரக் குடும்பங்களின் பேச்சுக்குள் வந்தது. 2022இல் சென்னையிலிருந்தும் புறப்பட்டது. 2023 ஜூனில் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்கும் போனது. கொச்சியில் 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்ட 'சாகரிகா' முனையம் நமக்கு அருகில் உள்ள வாசல். இரண்டு முதல் ஐந்து இரவுப் பயணங்கள். சன்னலே இல்லாத உள்ளறை, கடல் தெரியும் சன்னல் அறை, பால்கனி அறை, பெரிய சூட் என்று அறைகள் நான்கு விதம். பணம் இருந்தால் பால்கனி, இல்லையென்றால் உள்ளறை என்றுதான் பெரும்பாலும் முடிவெடுக்கிறார்கள்.

மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால் நான் இரண்டையும் சொல்ல மாட்டேன். திறக்க முடியாத கண்ணாடிச் சன்னல் உள்ள அறையே ஏற்றது. உள்ளறை விலை குறைவு, இருட்டு. பகல் தூக்கத்துக்கு நல்லதுதான். ஆனால் விடிந்தது தெரியாத அறையில் பிள்ளை எப்போது எழுந்துகொள்ளும் என்று சொல்ல முடியாது. எட்டு மணிக்கு அது தூங்கிவிட்டால், பெரியவர்கள் விளக்கை அணைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பால்கனி அறையில் அந்தத் தொல்லை இல்லை. பிள்ளை உள்ளே தூங்க, பெற்றோர் வெளியே உட்கார்ந்து பேசலாம். ஆனால் பால்கனியில் போட்டிருக்கும் நாற்காலியை இழுத்துக் கம்பிக்கு அருகில் போட்டு ஏறுவதற்கு இரண்டு வயதுப் பிள்ளைக்கு அரை நிமிடம் போதும். வெளிநாட்டுப் பெருங்கப்பல் ஒன்றில், மேல்தளத்தில் திறந்திருந்த சன்னல் வழியே ஒன்றரை வயதுக் குழந்தை விழுந்து இறந்திருக்கிறது. அப்போது பக்கத்தில் பெரியவர் இருந்தார். பால்கனிதான் கிடைத்தது என்றால், ஏறியவுடன் நாற்காலியையும் சிறு மேசையையும் எடுத்துவிடும்படி அறைப் பணியாளரிடம் கேளுங்கள். கதவின் தாழ்ப்பாள் பிள்ளையின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

எந்தத் தளம், கப்பலின் எந்தப் பகுதி என்பது அடுத்தது. அலையில் கப்பலின் முன்முனையும் பின்முனையும்தான் அதிகம் ஏறி இறங்கும். மேலே போகப் போகப் பக்கவாட்டு ஆட்டமும் கூடும். நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் ஆட்டம் குறைவு. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கடல் மயக்கம் அநேகமாக வருவதில்லை. அதற்குமேல் வளர்ந்த பிள்ளைகளுக்கே அது அதிகம். ஆனால் தாய்க்கு வந்துவிட்டால் குழந்தையை யார் பார்ப்பது? அதனால் தாய்க்கு ஏற்ற அறையே குழந்தைக்கு ஏற்ற அறை. மேலே நடன அரங்கோ கீழே இன்னிசை அரங்கோ இருக்கும் அறைகளை விலக்க, பதிவு செய்யும் முன் கப்பலின் தள வரைபடத்தை வாங்கிப் பார்த்தால் போதும். முன்பின் இரண்டு பக்கமும், மேலே கீழேயும் பயணிகள் அறைகளே இருக்கும் அறை அமைதியானது. லிஃப்ட் அருகில் இருப்பது நல்லது, ஒட்டியிருப்பது நல்லதல்ல.

அறைக்குள் போனால் வேறு சில விஷயங்கள். கப்பல் குளியலறையின் வாசலில் தண்ணீர் வெளியே வராமலிருக்க உயர்ந்த நிலைப்படி இருக்கும். நடைபழகும் பிள்ளை அதில் தடுக்கி விழும். அறைக் கதவு தானாக மூடிக்கொள்ளும் கனத்த கதவு, விரல் நசுங்கும். ஆகவே ஒரு துண்டை மடித்துக் கதவின் விளிம்பில் போட்டுவையுங்கள். சாதாரண அறைகளில் பெரும்பாலும் ஷவர் மட்டும்தான் இருக்கும், வாளி கிடையாது. ஷவருக்குக் கீழே நிற்கப் பயந்து அழும் பிள்ளைக்குக் காற்றடைத்த சிறு தொட்டி ஒன்றை மடித்து எடுத்துப் போகலாம். தொட்டில் கட்டில் வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே எழுத்தில் கேட்க வேண்டும். ஏறிய பிறகு கேட்டால் தீர்ந்திருக்கும். அதைப் போட்ட பிறகு அறையில் நடக்க இடம் இருக்காது என்பதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். சுவரிலிருந்து இறக்கும் மடிப்புப் படுக்கை இந்த வயதுப் பிள்ளைக்கு ஆகவே ஆகாது. சொந்தக் கெட்டிலை அறையில் பயன்படுத்தக் கப்பல்கள் பொதுவாக அனுமதிப்பதில்லை. ஏத்தன் காய்ப் பொடிக் கஞ்சியோ ராகிக் கூழோ காய்ச்சித் தர வேண்டிய பிள்ளையாக இருந்தால், சமையலறையிலிருந்து எந்நேரமும் வெந்நீர் கிடைக்குமா என்பதை அறையின் அழகைவிட முதலில் விசாரிக்க வேண்டும்.

பாட்டி தாத்தாவோடு போகும் குடும்பங்கள் இரண்டு அறைகள் எடுக்கின்றன. 'பக்கத்துப் பக்கத்து அறை' என்று சொல்லி எடுப்பது வேறு, நடுவே கதவுள்ள இரட்டை அறை எடுப்பது வேறு. உள்கதவு இருந்தால் பிள்ளை தூங்கும் அறை ஒன்று, பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும் அறை ஒன்று என்று இரவு அழகாகப் பிரிந்துவிடும். நாலுபேர் படுக்கும் ஓர் அறையைவிடப் பல சமயம் இதற்குக் கொஞ்சம்தான் கூடுதல் செலவாகும். வசதி இருந்தால் இதையே எடுங்கள் என்பேன். பாட்டிக்கும் ஓய்வு கிடைக்க வேண்டும். பேரனைப் பார்த்துக்கொள்ள அழைத்துப் போகும் வேலையாள் அல்ல அவர்.

உல்லாசக் கப்பலைவிட எனக்கு முக்கியமாகப் படுவது லட்சத்தீவுக் கப்பல்கள். கொச்சியிலிருந்து போகும் 'எம்.வி. கவரத்தி', 'எம்.வி. லகூன்ஸ்', 'எம்.வி. கோரல்ஸ்' முதலியவை. சுற்றுலாத் துறையின் 'சமுத்திரம்' திட்டத்தில் போகிறவர்களுக்குக் குளிர்சாதன அறை கிடைக்கும். தீவுவாசிகளில் பலர் போவது பங்க் வகுப்பில்: நீண்ட கூடத்தில் இரண்டடுக்குப் படுக்கைகள் வரிசையாக இருக்கும். பிரசவம் முடிந்தோ மருத்துவமனைக்கு வந்தோ திரும்பும் தாய்மார் கைக்குழந்தையோடு அங்கேதான் படுக்கிறார்கள். சில தீவுகளில் கப்பல் கரையை அணைய முடியாது. வெளிக்கடலில் நின்றுகொள்ள, பக்கவாட்டுக் கதவு வழியாகச் சிறு படகுக்கு மாற வேண்டும். படகு ஏறும்போது கப்பல் இறங்கும் அந்த நொடியில், கைக்குழந்தையைக் கையிலிருந்து கைக்கு மாற்றுகிறார்கள். பழகிய கைகள்தான், ஆனாலும் பருவமழைக் காலத்தில் அந்தக் கடல் யாருடைய பழக்கத்துக்கும் கட்டுப்படாது. சுற்றுலாவாகப் போகிறவர்கள் அக்டோபருக்குப் பிறகு போகலாம். பிள்ளையைத் துணியால் உடலோடு கட்டிக்கொண்டு இரண்டு கைகளையும் வெறுமையாக வைத்துக்கொள்வது நல்லது.

2021 டிசம்பர் தொடக்கத்தில் 'எம்.வி. கவரத்தி'யின் எஞ்சின் அறையில் தீப்பிடித்தது. 600க்கும் மேற்பட்ட பயணிகள் இருந்தார்கள். மின்சாரம் போனது, கப்பல் ஆந்த்ரோத் தீவு அருகே நடுக்கடலில் நின்றது. கடலோரக் காவல்படை வந்து உதவியது, ஒருவருக்கும் காயமில்லை. கப்பலில் எத்தனை பேர், அதில் எத்தனை குழந்தைகள் என்ற பட்டியல் கையில் இருந்தால்தான் அப்படிப்பட்ட ஓர் இரவைக் குழப்பமில்லாமல் கடக்க முடியும்.

அந்தப் பட்டியல் யாருடைய நல்லெண்ணத்தாலும் வந்ததல்ல. 1912இல் டைட்டானிக் மூழ்கிய பிறகு, 1914இல் உருவானது கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கை. சோலாஸ் என்பார்கள். அதன் இன்றைய விதிகளின்படி கப்பல் புறப்படும் முன் எல்லோரையும் எண்ண வேண்டும். நீண்ட பயணமாக இருந்தால் பெரியவர், சிறுவர், கைக்குழந்தை என்று பிரித்துப் பெயர்களைப் பதிய வேண்டும். 24 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் ஒவ்வொரு கைக்குழந்தைக்கும் அதன் அளவுக்கான உயிர்காப்பு அங்கி ஒன்று இருந்தாக வேண்டும். குறுகிய பயணத்தில்கூடப் பயணிகள் எண்ணிக்கையில் இரண்டரை சதவீதம் அளவுக்குக் குழந்தை அங்கிகள் கட்டாயம். அந்தக் குழந்தைக்குக் கப்பல் கட்டணம் வாங்கியதா இல்லையா என்பது இந்த விதிக்குப் பொருட்டே அல்ல. விமானத்திலும் அப்படித்தான். மடியில் வரும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் தனிப் பெயர்ப் பதிவு, தனி இடுப்பு வார். ஒரு வரிசையில் எத்தனை கைக்குழந்தைகள் உட்காரலாம் என்பதுகூட, மேலே எத்தனை ஆக்சிஜன் முகமூடிகள் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது.

தமிழர்களுக்குக் கடற்பயணத்தின் வேறொரு காலமும் நினைவிருக்கிறது. 1926 முதல் 1973 வரை சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிய 'ரஜூலா'வில் 5,000க்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற ஒரு காலத்தில் அனுமதி இருந்தது. டெக் பயணிக்கு அறை கிடையாது. பாய் விரித்த இடமே வீடு. மலாயாத் தோட்டங்களுக்குப் போன எத்தனையோ தாய்மார் பல இரவுகளை அங்கே குழந்தையைச் சேலைக்குள் அணைத்துக்கொண்டு கழித்தார்கள். அந்தத் தலைமுறை பொறுத்துக்கொண்டது என்பதற்காக நாமும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று சிலர் வாதிடுவதுண்டு. அவர்கள் பொறுத்துக்கொள்ளவில்லை; அவர்களுக்கு வேறு வழி தரப்படவில்லை.

இனி நம் காயலுக்கு வருகிறேன். கைக்குழந்தையோடு 'கப்பல்' போக ஆசைப்படும் பெரும்பாலான குடும்பங்கள் உண்மையில் ஏறுவது ஆலப்புழையின் வீட்டுப்படகில்தான். ஒரு காலத்தில் நெல்லும் கொப்பரையும் ஏற்றிய கெட்டுவள்ளம், ஆணி இல்லாமல் அயினிப் பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு, இன்று படுக்கையறைகளோடு நீரில் நிற்கிறது. நண்பகலில் ஏற்றிக்கொள்வார்கள், மாலை ஐந்தரை வாக்கில் கரையோரம் கட்டிவிடுவார்கள், இரவில் மீனவர்கள் வலை போடுவதால் படகு ஓடாது. குழந்தையோடு போகிறவர்களுக்கு இது ஆறுதல், ஏனென்றால் ஆட்டம் இல்லை. ஆனால் சொகுசுக் கப்பலில் கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் தண்ணீர் இங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

முன்புறத்தில் சோபா போட்டிருக்கும் திறந்த தளம், அதன் விளிம்பில் முழங்கால் உயரத் தடுப்பு, சில படகுகளில் அதுவும் இல்லை. பக்கவாட்டில் பணியாளர்கள் நடந்துபோகும் ஒற்றைப் பலகை. படுக்கையறைச் சன்னலோ தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் தொடங்கி, ஒதுக்கித் தள்ளினால் முழுதாகத் திறந்துகொள்ளும். கட்டில் அதை ஒட்டியே போடப்பட்டிருக்கும். புகைப்படத்தில் அழகாகத் தெரியும் இந்த அமைப்புதான் நடைபழகும் பிள்ளைக்கு ஆபத்து. சன்னலுக்குக் கொக்கியோ கம்பியோ உண்டா, முன்தளத்துக்கும் அறைகளுக்கும் நடுவே மூடிவைக்கக்கூடிய கதவு உண்டா என்று முன்பதிவின்போதே கேட்க வேண்டும். ஒற்றைப் படுக்கையறைப் படகு கிடைத்தால் அதையே எடுக்கலாம். வேறு குடும்பங்கள் வந்துபோகும்போது கதவு திறந்து கிடக்காது. பல அறைகள் உள்ள படகென்றால் நடு அறையைக் கேளுங்கள். கடைசி அறை சமையலறைக்கும் எஞ்சினுக்கும் அருகில் இருக்கும். புகையும் இரைச்சலும் அங்கேதான். சாதாரண வகைப் படகுகளில் ஏசி இரவு ஒன்பதுக்கு மேல்தான் ஓடும் என்பது பலருக்குத் தெரியாது. பிற்பகல் தூக்கம் தவறாத பிள்ளையென்றால் நாள் முழுதும் ஏசி ஓடும் வகையைப் பார்த்து எடுங்கள். மாடி உள்ள படகு வேண்டவே வேண்டாம். நம் மாவட்டத்திலேயே, நெய்யாறு கடலில் கலக்கும் பூவாறில் மிதக்கும் குடில்கள் இருக்கின்றன. அவற்றுக்கும் இதே கேள்விகள்தான்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கேள்வி: "குழந்தை அளவு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா?" பெரியவர்களுக்கான அங்கியை இறுக்கிக் கட்டினால் போதும் என்று படகுக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். தண்ணீரில் விழுந்தால் அங்கி மேலே மிதக்கும், குழந்தை அதிலிருந்து கீழே நழுவிவிடும். கவட்டு வாரும் தலைதாங்கியும் உள்ள சிறிய அங்கி கடைகளில் கிடைக்கிறது. ஒருமுறை வாங்கினால் அடுத்த பிள்ளைக்கும் ஆகும்.

இதைப் பெற்றோரின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில் அளவுக்கு மீறி ஆளேற்றிய சுற்றுலாப் படகு கவிழ்ந்தது. இறந்த 22 பேரில் 15 பேர் குழந்தைகள். 'சின்னப் பிள்ளைகள்தானே' என்று ஏற்றிக்கொள்ளும் வழக்கம் நம் படகுத் துறைகளில் எல்லா இடத்திலும் இருக்கிறது. நூறாண்டுக்கு முன்பும் இருந்தது. 1924 ஜனவரியில் கொல்லத்திலிருந்து ஆலப்புழைக்கு இரவில் போன 'ரிடீமர்' படகு பல்லனையில் கவிழ்ந்து, திருவனந்தபுரம் மண்ணின் மகாகவி குமாரன் ஆசான் மறைந்தபோதும் படகில் கூட்டம் அளவு மீறியே இருந்தது. நம் பக்கத்தில் தனுஷ்கோடி: 1964 டிசம்பர் 22 இரவு கடல் கொண்டுபோன பாம்பன் பாசஞ்சரில் இருந்தவர்கள் 115 பேர் என்று ஊழியர்களையும் சேர்த்து ஒரு கணக்குச் சொல்கிறார்கள். அது டிக்கெட்டை வைத்துப் போட்ட கணக்கு. டிக்கெட் இல்லாமல் எத்தனை பேர் இருந்தார்கள் என்பது இன்றுவரை தெரியாது. தோளில் இருந்த பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

இப்போது ரயில்வே. 2016 ஏப்ரல் 21 முதல், 5 வயது முதல் 12 வயதுக்குள் உள்ள பிள்ளைக்குத் தனிப் படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம். ஐந்து வயதுக்குள் என்றால் இலவசம்; படுக்கை கிடையாது; வேண்டுமென்றால் முழுக் கட்டணம் கொடுத்து வாங்கலாம். அதில் எனக்குக் குறையில்லை. குறை வேறிடத்தில். மூத்த குடிமக்களுக்கும், 45 வயது நிறைந்த பெண்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் லோயர் பெர்த் ஒதுக்கீடு உண்டு. நல்ல விதி. ஆனால் பாருங்கள்: பிள்ளை வயிற்றில் இருக்கும்வரை ஒரு பெண்ணுக்குக் கீழ்ப் படுக்கைக்கு முன்னுரிமை இருக்கிறது. பிள்ளை பிறந்து கைக்கு வந்துவிட்டால் போய்விடுகிறது. 28 வயதுத் தாய் எட்டு மாதக் குழந்தையோடு மிடில் பெர்த்திலோ அப்பர் பெர்த்திலோ படுக்க வேண்டும் என்று கணினி தீர்மானித்தால் அது விதிப்படி சரி. அப்புறம் அவள் எதிரே இருப்பவரைக் கெஞ்ச வேண்டும். பெரும்பாலும் மாற்றித் தந்துவிடுகிறார்கள். இந்த நாட்டின் ரயில் பயணிகள் நல்லவர்கள். ஆனால் ஒரு தாயின் இரவு, முன்பின் தெரியாத ஒருவரின் மனநிலையைச் சார்ந்திருக்க வேண்டுமா? எதிரே இருப்பவரும் முழங்கால் வலிக்காரராக இருந்தால் அவர் என்ன செய்வார்?

குழந்தை வருவது ரயில்வேக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. முன்பதிவுக் கவுன்டரில் நிரப்பித் தரும் படிவத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பெயரையும் வயதையும் எழுதத் தனிக் கட்டம் இருக்கிறது. ஐஆர்சிடிசி தளத்திலும் படுக்கை இல்லாத குழந்தையைச் சேர்க்க ஒரு பொத்தான் இருக்கிறது. பெயரைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் கணினி, படுக்கையை ஒதுக்கும்போது அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. வயதைப் பார்த்து மூத்தவர்களுக்கு லோயர் பெர்த்தைத் தேடித் தரத் தெரிந்த மென்பொருளுக்கு, அந்தக் கட்டத்தையும் பார்க்கச் சொல்லித் தருவது எவ்வளவு பெரிய வேலை? ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் பெயர் இருந்தால், அதே சீட்டில் உள்ள பெரியவர் ஒருவருக்கு, தாயோ தந்தையோ பாட்டியோ யாராக இருந்தாலும், லோயர் பெர்த்தில் முன்னுரிமை. இவ்வளவுதான் வேண்டும். பொய்ப் பெயர் கொடுப்பார்கள் என்ற சந்தேகத்துக்கு டிடிஆர் கையில் விடை இருக்கிறது. அவர் படுக்கையைப் பார்க்கும்போது குழந்தை அங்கே இருக்க வேண்டும்.

ரயில்வே ஒன்றுமே யோசிக்கவில்லை என்றும் சொல்ல மாட்டேன். 2022 மே 8, அன்னையர் தினத்தன்று லக்னோ மெயிலின் ஏசி மூன்றடுக்குப் பெட்டி ஒன்றில், 12, 60 எண் லோயர் பெர்த்களின் ஓரத்தில் மடக்கிவைக்கக்கூடிய குழந்தைப் படுக்கையைப் பொருத்திப் பார்த்தார்கள். நல்ல மனதோடு செய்த முயற்சி. ஆனால் அளவு: நீளம் 77 சென்டிமீட்டர், அகலம் சுமார் 25 சென்டிமீட்டர். ஒரு வயதுக் குழந்தையின் சராசரி உயரமே ஏறக்குறைய 75 சென்டிமீட்டர்; இரண்டு வயதில் 86ஐத் தொடும். புரண்டு படுக்கும் பிள்ளைக்கு 25 சென்டிமீட்டரில் எப்படித் தூக்கம் வரும்? அது மட்டுமல்ல, நடைபாதைப் பக்கத்து விளிம்பில் குழந்தையைப் படுக்கவைப்பதே தலைகீழ். தாய்மார் குழந்தையைச் சுவர்ப் பக்கம் போட்டுத் தாங்கள் விளிம்பில் படுப்பார்கள்.

நம் தாய்மாருக்கு வேறொரு வழி தெரியும். ராமேஸ்வரம் வண்டியிலும் அனந்தபுரி எக்ஸ்பிரஸிலும் நீங்கள் பார்த்திருப்பீர்கள்: மிடில் பெர்த்தைத் தாங்கும் சங்கிலிகளிலோ அப்பர் பெர்த்தின் இரும்பிலோ சேலையை இழுத்துக் கட்டிய தூளி. வண்டியின் ஆட்டமே ஆட்டிவிடும். குழந்தை புரண்டு விழாது, நடைபாதையை அடைக்காது, இறங்கும்போது சேலை மடிப்பு பைக்குள் போய்விடும். இதில் உள்ள ஆபத்து தூளியில் இல்லை. எடை தாங்குமா என்று சோதிக்கப்படாத இடத்தில் முடிச்சுப் போடுவதில்தான் ஆபத்து. டிடிஆர் சிலர் அவிழ்க்கச் சொல்கிறார்கள். சிலர் பார்த்தும் பாராதது போல் போகிறார்கள். இருவருமே பாவம், விதி இல்லாத இடத்தில் வேறென்ன செய்வார்கள்?

மாற்றம் வரும்வரை பெற்றோர் செய்யக்கூடியவை: குழந்தையின் பெயரைப் படிவத்தில் கட்டாயம் எழுதுங்கள், இலவசம்தானே என்று விடாதீர்கள். ஐஆர்சிடிசியில் 'ஒரு லோயர் பெர்த்தாவது கிடைத்தால் மட்டும் பதிவு செய்' என்ற தேர்வு இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். ஸ்லீப்பரில் தாய் மட்டும் குழந்தையோடு போவதாக இருந்தால் பெண்களுக்கான ஒதுக்கீட்டில் கேளுங்கள். அங்கே வயது வரம்பு இல்லை. பெட்டியின் இரு கோடிகளையும் விட்டு நடுப்பகுதி நல்லது. கழிப்பறைக் கதவின் சத்தம் எட்டாது. சைடு லோயர் வேண்டாம், அதன் நடுவில் இணைப்புப் பிளவு, பக்கத்தில் நடைபாதை. அவசரகால சன்னல் உள்ள இடத்தில் பிள்ளையைச் சன்னலோரம் விடாதீர்கள். முதல் வகுப்பு ஏசி எடுக்க முடிகிறவர்கள், இருவருக்கான கூப்பே தரும்படி முன்கூட்டியே எழுதிக் கேட்கலாம். சார்ட் தயாராகும்போதுதான் அதை ஒதுக்குகிறார்கள்.

ஜெர்மனியின் ஐசிஇ ரயில்களில் சிறு குழந்தைகளோடு வருகிறவர்களுக்கென்றே தனி அறை இருக்கிறது. நமக்கு அவ்வளவு இடம் இல்லை, தேவையும் இல்லை. சென்னை பெரம்பூரில் 1955 முதல் பெட்டிகளைக் கட்டிவரும் ஐ.சி.எஃப். இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள வீடுகளில் தூளியில் வளராத பொறியாளர் இருக்க முடியாது. ஒவ்வொரு ஸ்லீப்பர் பெட்டியிலும் ஏசி மூன்றடுக்குப் பெட்டியிலும் நடுப்பகுதியில் இரண்டு படுக்கைத் தொகுதிகளைத் தேர்ந்தெடுத்து, லோயர் பெர்த்துக்கு மேலே, 20 கிலோ தாங்கும் என்று சோதித்து முத்திரையிட்ட இரண்டு கொக்கிகளைப் பொருத்தட்டும். அந்த லோயர் பெர்த்களைச் சார்ட் தயாராகும்வரை குழந்தையின் பெயர் உள்ள சீட்டுகளுக்கு ஒதுக்கிவைக்கட்டும். யாரும் கேட்காவிட்டால் பொதுவில் விடட்டும். காயலில், ஏறும் ஒவ்வொருவரையும் கைக்குழந்தை உட்பட எண்ணி எழுதாத படகுக்குத் துறைமுகத் துறை உரிமத்தைப் புதுப்பிக்காமல் இருக்கட்டும். குழந்தை அளவு அங்கிகளை ஆய்வுப் பட்டியலில் சேர்க்கட்டும். 1917ஆம் ஆண்டுச் சட்டத்தை மாற்றி 2021இல் வந்த உள்நாட்டுக் கலங்கள் சட்டத்தின் கீழ் இதைச் செய்ய மாநில அரசு யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த ஓணம் விடுமுறைக் கூட்டம் வரும் முன் செய்யலாம்.